மைனஸ் குளிரில் வில்லோடு காத்திருப்பவர்கள்: கம்பளி அடுக்குகளின் கணக்கு

சென்னையில் வெப்பநிலை 20 டிகிரிக்கு இறங்கினால் போதும்; காலை வாக்கிங்கில் மங்கி குல்லாக்கள் தலைகாட்டிவிடும். ஊட்டிக்கு ரெண்டு நாள் டூர் என்றால், வீட்டில் இருக்கும் ஸ்வெட்டர், சால்வை, மஃப்ளர் எல்லாம் பையில் ஏறிவிடும். இது கிண்டல் இல்லை. பழகாத குளிர் யாரையும் அப்படித்தான் செய்யும்.

இப்போது இதைக் கற்பனை செய்து பாருங்கள். அமெரிக்காவின் வடக்கில் இருக்கும் விஸ்கான்சின் மாநிலம். நவம்பர் மாதம். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. வெப்பநிலை மைனஸ் 8 டிகிரி. ஒருவர் இருட்டில் அரை மணி நேரம் காட்டுக்குள் நடந்து, மரத்தில் கட்டியிருக்கும் பரணில் ஏறி உட்கார்கிறார். தரையிலிருந்து 15, 20 அடி உயரம். கையில் துப்பாக்கி இல்லை, வில்லும் அம்பும்தான். அடுத்த நான்கு மணி நேரம் அவர் அசையக் கூடாது. சத்தம் வரக் கூடாது. ஆனால், மான் வந்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும், விரல்கள் விறைக்காமல் நாணை இழுக்க வேண்டும்.

அவர் என்ன உடுத்தியிருப்பார்? ‘உடுப்பும் காரணமும்’ பகுதியில் இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒரு விஷயம். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வெண்வால் மான்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வேட்டைக்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு, எத்தனை மான் என்ற வரம்பும் உண்டு. அந்த இறைச்சி பல குடும்பங்களுக்குக் குளிர்காலச் சாப்பாடு. வேட்டை சரியா, தவறா என்ற விவாதத்துக்கு இன்று போகவில்லை. நம் கேள்வி உடையைப் பற்றியது மட்டும்தான்.

வில் என்றால் ஏன் இவ்வளவு கஷ்டம்?

துப்பாக்கிக்காரர் 100 மீட்டர் தள்ளி நின்றுகூடச் சுட்டுவிடலாம். வில்லேந்தியவருக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் 20, 30 மீட்டருக்குள் மான் வர வேண்டும். அந்தத் தூரத்தில் மானின் மூக்கு, காது, கண் மூன்றும் அவருக்கு எதிரிகள். மானின் இரண்டு காதுகளும் தனித்தனியே திரும்பக்கூடியவை. நாண் விடுபடும் ஓசை கேட்டதுமே மான் சட்டென்று உடலைத் தாழ்த்திப் பாயத் தயாராகிவிடும். அதற்குள் அம்பு முதுகுக்கு மேலே போய்விடுவதும் உண்டு.

அமெரிக்காவில் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவத்தை முதலில் அறிவித்த மாநிலம் விஸ்கான்சின்தான். அது நடந்தது 1934-ல். சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்டைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரும் அந்த மாநிலத்தில் வாழ்ந்தவர். தன் கையாலேயே வில் செய்து பயன்படுத்திய வில்லாளி. இன்று அங்கே வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. மான்களின் இணைசேரும் காலம் நவம்பர். அப்போதுதான் கடா மான்கள் பகலிலும் எச்சரிக்கை மறந்து சுற்றும். அதனால் வேட்டைக்காரர்களுக்கு அதுதான் முக்கியமான மாதம். குளிரும் அப்போதுதான் கடிக்கத் தொடங்குகிறது.

இதில் பணயம் இரண்டு. ஒன்று, வேட்டைக்காரரின் உயிர். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ‘ஹைப்போதெர்மியா’. உயிரைப் பறிக்கும் நிலை. இரண்டாவது, மானின் வேதனை. குளிரில் விறைத்த விரல் நாணைச் சரியாக விடாது. நடுங்கும் தோள் குறியைத் தாங்காது. அம்பு நான்கு அங்குலம் தள்ளிப் பட்டால் மான் உடனே விழாது. காயத்தோடு ஓடி, எங்கோ ஒரு புதரில் மெல்லச் சாகும். ‘நடுங்க ஆரம்பித்துவிட்டால் எய்யாதே, இறங்கி வீட்டுக்குப் போ’ என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

முதல் எதிரி வியர்வை

குளிரில் உட்காரப் போகிறோம் என்றால் நமக்கு என்ன தோன்றும்? இருப்பதையெல்லாம் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்றுதான். அங்கேதான் சிக்கல்.

கனமான உடைகளோடு, முதுகில் பையோடு, கையில் வில்லோடு அரை மணி நேரம் நடந்தால் மைனஸ் 8-லும் வியர்க்கும். பரணில் உட்கார்ந்ததும் உடல் வெப்பம் உற்பத்தி செய்வது குறைந்துவிடும். ஆனால் உள்ளாடையில் வியர்வை அப்படியே இருக்கும். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடலில் ஒட்டிய அந்த ஈரத்துணி, உள்ளேயிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை கோட்டு போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இந்த விஷயத்தில் பெரிய குற்றவாளி நமக்கு ரொம்பப் பிடித்த பருத்தி. நம் வெயிலுக்குப் பருத்தியைப் போல் வராது; வியர்வையை உறிஞ்சி, பிடித்து வைத்து, மெதுவாக ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கும். அதே குணம் பனியில் ஆபத்து. ‘பருத்தி கொல்லும்’ என்று மலையேறுபவர்களும் காட்டுக்குப் போகிறவர்களும் அங்கே சொல்லிக்கொடுப்பதன் காரணம் இதுதான். ஜீன்ஸும் பருத்தி பனியனும் வீட்டிலேயே இருக்க வேண்டியவை.

ஆட்டு முடியில் அப்படி என்ன இருக்கிறது?

கம்பளி இழை என்பது கெரட்டின் என்ற புரதம். நம் தலைமுடியும் நகமும் அதே பொருள்தான். அந்த இழை நேராக இருக்காது. சுருள் சுருளாக இருக்கும். சுருள்களுக்கு நடுவில் காற்று சிறைப்படும். நம்மைச் சூடாக வைப்பது உண்மையில் கம்பளி இல்லை, அதற்குள் அசையாமல் நிற்கும் அந்தக் காற்றுதான்.

இன்னும் சுவாரஸ்யமானது ஈரத்தைக் கையாளும் விதம். இழையின் வெளிப்புறம் தண்ணீரைத் தள்ளும். உட்புறம் நீராவியை இழுத்துக்கொள்ளும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும், தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. அப்படி ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியிடும். நடந்து வந்த களைப்பு அடங்கி, உடல் குளிரத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களில் இது கைகொடுக்கிறது.

ஆனால் இந்த இரண்டு குணங்களைவிட, வில்லாளிகள் கம்பளியைத் தேடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது மௌனம். நைலான் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள். ‘சரசர’ என்று கேட்கும். கடுங்குளிரில் அந்தத் துணி இன்னும் விறைத்து, சத்தம் கூடும். கம்பளியின் மேற்பரப்பு பூஞ்சையாக, மென்மையாக இருப்பதால் உரசினாலும், மரக்கிளை பட்டாலும் ஓசை அமுங்கிவிடும். 20 மீட்டரில் மான் நிற்கும்போது, நாணை இழுக்கும் தோளின் அசைவு கேட்கக் கூடாது அல்லவா?

வாசனையும் ஒரு கணக்கு. செயற்கை இழை பனியனில் வியர்வை நாற்றம் சீக்கிரம் பிடிக்கும். கம்பளியில் அவ்வளவாக வராது. அதற்காக மானின் மூக்கைக் கம்பளி ஏமாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துப் பரணைத் தேர்ந்தெடுப்பதுதான் அதற்கு வழி.

மூன்று அடுக்கு, மூன்று வேலை

ஒரே ஒரு பெரிய கோட்டைவிட, மூன்று உடைகள் மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

*தோலை ஒட்டிய அடுக்கு:* இங்கே மெரினோ கம்பளி. மெரினா பீச் இல்லை, மெரினோ! ஸ்பெயினில் உருவாகி, இன்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெருகிய ஆட்டினம் அது. நம் பாட்டி வீட்டுக் கம்பளி ஏன் குத்துகிறது தெரியுமா? இழை தடிமனாக இருப்பதால். சுமார் 30 மைக்ரானைத் தாண்டினால் இழையின் முனை வளையாமல் தோலைக் குத்தும். நல்ல மெரினோ இழை 17 முதல் 19 மைக்ரான்தான், வளைந்துகொடுத்துவிடும். நம் நீலகிரியிலும் ஒரு மெரினோ உறவு இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் டாஸ்மேனிய மெரினோவையும் வேறு சில இனங்களையும் உள்ளூர் ஆடுகளோடு சேர்த்து உருவானதுதான் ‘நீலகிரி செம்மறி’. இந்த அடுக்கு உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ள மெல்லிய துணி போதும். வேலை: வியர்வையைத் தோலிலிருந்து அகற்றுவது.

*நடு அடுக்கு:* கொஞ்சம் தடிமனான கம்பளிச் சட்டை அல்லது ஸ்வெட்டர். அதன் மேல் கையில்லாத ஒரு கம்பளி மேலாடை. இதுதான் வில்லாளியின் தனி ரகசியம். நெஞ்சும் வயிறும் சூடாக இருந்தால்தான் உடல் கைவிரல்களுக்கு ரத்தத்தைத் தாராளமாக அனுப்பும். நடு உடல் குளிர்ந்தால் முதலில் விரல்களைத்தான் கைவிடும். அதே நேரம், கையில் தடித்த துணி இருந்தால் நாண் அதில் அடித்து அம்பு விலகும். கையில்லாத மேலாடை இரண்டு பிரச்னைகளையும் ஒரே அடியில் தீர்க்கிறது.

*வெளி அடுக்கு:* நெருக்கமாக நெய்து, அடர்த்தியாக்கிய கம்பளிக் கோட்டும் பேன்ட்டும். இதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. பைக்கு மேல் கட்டி எடுத்துப் போக வேண்டும். நடக்கும்போது லேசாகக் குளிர வேண்டும்; குளிரவில்லை என்றால் அதிகமாக உடுத்தியிருக்கிறோம் என்று அர்த்தம். பரணுக்கு வந்து, உடல் சூடு தணிய சில நிமிடங்கள் விட்டு, வியர்வை ஆறிய பிறகு, நடுங்குவதற்கு முன்பே வெளிக்கோட்டைப் போட வேண்டும். நடந்துவந்த சாக்ஸையும் அங்கேயே மாற்றிவிடுபவர்கள் உண்டு. ஐந்து நிமிட வேலை. இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார வைக்கும்.

கம்பளிக்கும் குறைகள் உண்டு. எடை அதிகம், விலை அதிகம், முழுக்க நனைந்தால் காய நேரமாகும். காட்டுச் செடிகளின் முள் விதைகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். முக்கியமாக, பலத்த காற்று அதை ஊடுருவும். அதனால் காற்றடிக்கும் நாட்களில் காற்றுத் தடுப்புத் துணியை வெளியே போடாமல், இரண்டு கம்பளிகளுக்கு நடுவில் போடுகிறார்கள். காற்றும் நிற்கும், சத்தமும் வராது.

கை, கால், கழுத்து

உடலின் பாதி வெப்பம் தலை வழியாகப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அது சரியல்ல. தலையின் பரப்பு உடலில் சுமார் பத்தில் ஒரு பங்கு. இழக்கும் வெப்பமும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆனாலும் மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும்போது தலையைத் திறந்து வைப்பது வீண். காதை மூடும் கம்பளிக் குல்லா அவசியம்.

கழுத்தில் மஃப்ளர் சுற்றும்போது ஒரு எச்சரிக்கை. நாணை முழுதாக இழுக்கும்போது கை, வாயோரம் அல்லது தாடையை வந்து தொடும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தொட்டால்தான் குறி பிசகாது. அங்கே தடித்த மஃப்ளர் இருந்தால் அந்த இடமே மாறிவிடும். அதனால் மெல்லிய, குழாய் வடிவக் கம்பளிப் பட்டை போதும். நெஞ்சில் பெரிய பொத்தான், தொங்கும் கயிறு எதுவும் கூடாது, நாண் சிக்கும். வில் பிடிக்கும் முன்கையின் சட்டையை ஒரு காப்புப் பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள்.

விரல்களுக்கு மெல்லிய கம்பளிக் கையுறை. தடித்த கையுறை போட்டால் நாண் பிடிபடாது. அதனால் இடுப்பில் ஒரு உருளைப் பையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கைகளை நுழைத்து வைத்திருப்பார்கள். உள்ளே சிறு வெப்பப் பொட்டலம் இருக்கும். அதில் இருப்பது இரும்புத் தூள். காற்று பட்டதும் துருப்பிடிக்கத் தொடங்கும், அந்த வேதிவினையில் பல மணி நேரம் வெப்பம் வரும்.

காலுக்கு இரண்டு சாக்ஸ் போதும்: மெல்லியது ஒன்று, தடித்த கம்பளி ஒன்று. மூன்றாவதாக இன்னொன்றைத் திணித்து பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே பாதுகாப்பு பெல்ட். பரணிலிருந்து விழுவது அமெரிக்க மான் வேட்டையில் காயங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அரைக்கை சட்டையில் அளவு பார்த்த பெல்ட், மூன்று அடுக்குக்கு மேல் பொருந்தாது. அதனால் பெல்ட்டையும் வில்லையும் அந்தக் குளிர் உடைகளோடு வீட்டுக் கொல்லையிலேயே பயிற்சி பார்த்துவிட வேண்டும். டி-ஷர்ட்டில் சரியாக எய்தவர், கோட்டில் தவறவிடுவது சகஜம்.

5,300 வருடத்துக்கு முந்தைய வில்லாளி

அடுக்கடுக்காக உடுத்துவது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1991-ல் ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரிய-இத்தாலிய எல்லைப் பகுதியில் பனிக்குள் ஒரு மனித உடல் கிடைத்தது. சுமார் 5,300 ஆண்டுகள் பழமையானது. ‘ஏட்ஸி’ என்று பெயர் வைத்தார்கள். அவரிடம் முழுமையாகச் செய்து முடிக்காத ஒரு வில்லும் அம்புகளும் இருந்தன. செம்மறி ஆடு, வெள்ளாட்டுத் தோல்களைத் தைத்த கோட்டு, தோல் காலுறைகள், கரடித்தோல் குல்லா, உள்ளே காய்ந்த புல் திணித்த காலணி. காற்றைச் சிறைப்பிடித்தால் சூடு நிற்கும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்த வழக்கத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவை கம்பளி ஆலைகள். பென்சில்வேனியாவின் உல்ரிச் நிறுவனம் தொடங்கியது 1830-ல். சியாட்டிலின் ஃபில்சன் 1897-ல், குளிர்ப் பிரதேசமான க்ளோண்டைக்குக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்கு உடை தைத்துக் கொடுக்கத் தொடங்கியது. சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட அந்தக் கம்பளிச் சட்டையைப் பழைய வேட்டைப் படங்களில் பார்க்கலாம். ‘சிவப்பு போட்டால் மான் பார்த்துவிடாதா?’ என்று கேட்கலாம். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவது போல் தெரியாது. நீலம்தான் பளிச்சென்று தெரியும். அதனால்தான் விஸ்கான்சினில் துப்பாக்கிப் பருவம் நடக்கும் நாட்களில், வில்லேந்தியவரும் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் உடை அணிவது கட்டாயம். மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணில் படுவதற்காக!

இதில் நமக்கு என்ன?

நம்மில் யாரும் மரத்தில் ஏறி மானுக்குக் காத்திருக்கப் போவதில்லை. ஆனால் டொரொன்டோவில் படிக்கும் அக்கா மகன், மினியாபொலிஸில் வேலை பார்க்கும் மருமகள், மணாலிக்கு ட்ரெக்கிங் கிளம்பும் தம்பி என்று குடும்பத்துக்கு ஒருவராவது பனியில் இருக்கிறார்கள். பஸ்ஸுக்கு ஓடி, வியர்த்து, பிறகு ஸ்டாப்பில் 20 நிமிடம் அசையாமல் நிற்பதும் ஏறக்குறைய அந்த வேட்டைக்காரரின் கதைதான். அவர்களுக்கு இதை ஃபார்வர்டு செய்யுங்கள்:

• உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். மெல்லிய மெரினோ, இல்லையென்றால் செயற்கை இழை தெர்மல்.

• ஒரே தடித்த கோட்டுக்குப் பதில் மூன்று அடுக்கு. நடக்கும்போது கழற்று, நிற்கும்போது போடு.

• நனைந்த சாக்ஸை மாற்ற, பையில் ஒரு ஜோடி எப்போதும் இருக்கட்டும்.

• குளிருக்கு மது மருந்தில்லை. அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, சூடாக இருப்பது போல் ஏமாற்றி, உள்வெப்பத்தை வெளியே விட்டுவிடும்.

• பேச்சு குழறுவது, கை தடுமாறுவது, கால் இடறுவது மூன்றும் ஹைப்போதெர்மியாவின் அறிகுறிகள். பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. கூட இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிர் குறையாமலே நடுக்கத்தை நிறுத்தினால் அது நல்ல செய்தி இல்லை. உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த கம்பளியில் சுற்றுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள்.

• கம்பளியை வெந்நீரில் துவைத்தால் சுருங்கி, குழந்தைச் சட்டை ஆகிவிடும். குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, முறுக்காமல் தட்டையாகப் பரப்பிக் காயவைத்தல். எடுத்து வைக்கும்போது சுத்தமாகத் துவைத்து வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு கெரட்டினைத்தான் தின்னும், வியர்வைக் கறை இருந்தால் இன்னும் ஆசையாக வரும்.

இன்னொரு பழக்கத்தையும் அந்த வேட்டைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். எந்தக் காடு, எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். பனி நாட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளிடம் இன்று இரவு பேசும்போது, ‘சாப்பிட்டியா?’ என்று கேட்ட கையோடு, ‘சாக்ஸ் காஞ்சிருக்கா?’ என்றும் கேட்டுவிடுங்கள்.